மேடம் எழுதிய இரண்டாம் பக்கம்

அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். பட்டு வேட்டியில் எங்கள் ஓனர். அம்மன் கோயிலிலிருந்து அவர் கூட்டி வந்த பூசாரி. புது லைனைத் திறந்துவைக்க பெரிய கம்பெனியிலிருந்து வந்திருந்த ஆபீசர், கழுத்தில் அடையாள அட்டையோடு. கீபோர்டுக்கு முன்னால் நான். ஐந்தாவதாக மேடம், ஆனால் குரலாக மட்டும். குங்குமச் சிமிழில் சாய்த்து வைத்திருந்த ஓனரின் போனிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். இவர்களைத் தவிர, மாலை போட்ட ரூட்டர் ஒன்று, எலுமிச்சம்பழம் ஒன்று, தேங்காய் ஒன்று, மேடம் கைப்பட எழுதி வைத்திருந்த இரண்டு தாள்கள். இவ்வளவு துல்லியமாக என்னால் சொல்ல முடிவதற்குக் காரணம், பிறகு எத்தனையோ நாள் அந்த அறையை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். யார் எங்கே நின்றார்கள், யார் வாயைத் திறந்திருக்கலாம் என்று. திறந்திருக்க வேண்டிய வாய் என்னுடையது.

நான் பயந்த சுபாவம். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் இது தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸ் மூடினேனா என்று பஸ்ஸில் பாதி வழியில் வியர்க்கும். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சையில், கணக்குப் பரீட்சை அன்று, பள்ளிக்கூட கேட்டில் வாந்தி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள். அதன்பிறகு அந்த கேட்டைத் தாண்டவேயில்லை. வீட்டில் யாரும் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பிறகு பீன்யாவில் ஒரு மோட்டார் கம்பெனியில் பேக்கிங் வேலை, பதினோரு வருஷம். அது மூடியதும், கேபிள் டிவியிலிருந்து இன்டர்நெட்டுக்கு மாறியிருந்த எங்கள் ஓனரிடம் புகார் போன் எடுக்கிற வேலைக்கு வந்தேன். லைன் போனால் ஜனங்கள் கன்னடத்தில் திட்டுவார்கள், தமிழில் திட்டுவார்கள், உருதுவில் திட்டுவார்கள். அந்தந்த பாஷையில் மன்னிப்புக் கேட்பதுதான் என் உத்தியோகம். அதற்குப் பயந்த சுபாவம் நன்றாகவே ஒத்துவந்தது.

மேடம் ஈரோட்டுக்காரர். நெட்வொர்க் இன்ஜினியராக எங்களிடம் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது, எனக்கு நாற்பத்தொன்று. முதல் நாள் பையோடு வாசலில் நின்றவரைப் பார்த்து, யாரோ காலேஜ் பெண் பணம் கட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து, "பாப்பா, பில் கவுண்டர் மாடியில" என்று சொல்லிவிட்டேன். "சரிங்க்கா" என்று மாடி ஏறிப் போனார். மாடியிலிருந்தவர்கள் கீழே விசாரிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இறங்கி வந்து, "அக்கா, அவங்க உங்களைக் கேக்கச் சொல்றாங்க, நீங்க அவங்களைக் கேக்கச் சொல்றீங்க. நான் இப்படியே ஏறி எறங்கிட்டே இருக்கட்டுங்களா?" என்றார். விஷயம் தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய், அந்த நிமிஷத்திலிருந்து அவரை மேடம் என்றே கூப்பிட ஆரம்பித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னார். நான் மாறவில்லை.

ரூட்டிங் என்றால் என்ன என்பது, அவர் பெங்களூரில் வந்து இறங்கிய கதையிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். ரயில் நிலையத்தில் தப்பான பக்கமாக வெளியே வந்து ஒக்கலிபுரத்தில் நின்றிருக்கிறார். போனில் சார்ஜ் இல்லை. அவர் போனில் சார்ஜ் இருந்து நான் பார்த்ததே குறைவு. மர்பி டவுனுக்கு வழி கேட்டிருக்கிறார். முதலில் கேட்ட ஆளுக்கு மர்பி டவுன் தெரியாது. அல்சூர் பக்கம் என்பது மட்டும் தெரியும், மெஜஸ்டிக் போய்க் கேளம்மா என்றிருக்கிறார். மெஜஸ்டிக்கில் ஒரு கண்டக்டர் சிவாஜிநகர் பஸ்ஸைக் காட்டினாராம். சிவாஜிநகரில் பூக்காரம்மா ஒருத்தி அல்சூர் ஏரியைச் சொன்னாளாம். "முழு வழியும் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இல்லீங்க்கா. ஆனா நான் வந்து சேந்துட்டேன் பாருங்க. இன்டர்நெட்டும் இவ்வளவுதான்" என்றார்.

உலகத்துக்கு ஒரு பெரிய மேப் எங்கோ இருக்கும், அதை யாரோ ஒரு பெரிய அதிகாரி பூட்டி வைத்திருப்பார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் கிடையாதாம். எங்களைப் போல, எங்களைவிடப் பெரிதாக, ஆயிரக்கணக்கான நெட்வொர்க்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தன்னிடமுள்ள முகவரிகள் தெரியும், ஒட்டியிருக்கும் பக்கத்து நெட்வொர்க் தெரியும். "இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன" என்று ஒன்று பக்கத்துக்குச் சொல்லும். பக்கத்து நெட்வொர்க் அதைத் தன் பக்கத்துக்கு, "அந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்" என்று சொல்லும். கை மாறும்போது ஒவ்வொருவரும் தங்கள் நெட்வொர்க்கின் எண்ணைச் சேர்த்து எழுதி அனுப்புவார்கள், சீட்டில் கையெழுத்துப் போடுவதுபோல. எண்கள் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அது சுருக்கு வழி. வந்த சீட்டில் நம் எண்ணே ஏற்கெனவே இருந்தால் அது சுற்றிக்கொண்டு வந்த சீட்டு, தூக்கிப் போட்டுவிட வேண்டும். இப்படி வாய்வழிச் சேதியில்தான் இத்தனை பெரிய உலகம் ஓடுகிறது என்று கேட்டபோது என் கையிலிருந்த சோறு ஆறிப்போயிற்று.

"யாராவது பொய் சொன்னா?" என்று கேட்டேன். எனக்கு வேறு கேள்வி தோன்றவில்லை.

மேடம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "சிவாஜிநகர்ல இன்னொருத்தரையும் கேட்டேங்க்கா. பாக்க ரொம்பப் பெரிய மனுஷன். அவருக்கு மர்பி டவுன் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்திருக்கும்போல. கையை நீட்டி, இப்படியே நேரா போம்மான்னுட்டாரு. முக்கால் மணி நேரம் வெயில்ல சுத்தினேன். வேணும்னு பொய் சொல்றவங்க கம்மிங்க்கா. தெரியாத வழியத் தெரியும்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி."

அன்று மாலை வீட்டுக்குப் போய் அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். நோட்டு என்றால், என் மகனின் பழைய நாற்பது பக்க நோட்டு. என்னென்ன தப்பாகப் போகலாம் என்று மனசில் வருவதை அதில் எழுதிவைப்பேன். எழுதினால் கொஞ்சம் தூக்கம் வரும். கேஸ், பூட்டு, மகனின் பைக், மழைக்கு ஒழுகும் மூலை. மேடம் வந்த பிறகு அதில் வேறு மாதிரி வரிகளும் சேர்ந்தன. பக்கத்து நெட்வொர்க் திடீரென்று லட்சம் வழி சொன்னால்? எங்கள் வீட்டு முகவரிகளைத் தங்களுடையவை என்று வேறு யாராவது சொன்னால்? நாங்கள் தப்பாகச் சொன்னதை அவர்கள் நம்பிவிட்டால்? எட்டாம் வகுப்பைத் தாண்டாதவளுக்கு இந்தக் கவலை எதற்கு என்று எனக்கே சிரிப்பு வரும். நோட்டை யாருக்கும் காட்டியதில்லை.

அந்த வருஷம் ஓனர் இரண்டாவது லைன் வாங்க முடிவு செய்தார். அதுவரை எங்களுக்கு வெளியுலகத்துக்கு ஒரே வழி, பழைய கம்பெனியின் லைன். எங்காவது சாலையைத் தோண்டினால் எங்கள் ஏரியா முழுக்க இருட்டு. இனி பழையது போனால் புதியது, புதியது போனால் பழையது. அதற்காக எங்கள் கம்பெனிக்கென்று உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் எண் வந்தது, அந்தச் சீட்டில் போடுகிற எண். ஓனர் அதை ஸ்கூட்டர் முன்னால் ஸ்டிக்கர் அடித்து ஒட்டிக்கொண்டார். போலீஸ்காரர் இரண்டு முறை நிறுத்தி இது என்ன நம்பர் பிளேட் என்று கேட்டாராம். மேடம் அவருடைய அழகான கையெழுத்தில் இரண்டு தாள் எழுதினார். முதல் பக்கத்தில், புதுக் கம்பெனியைப் பக்கத்து நெட்வொர்க்காகச் சேர்க்கும் வரிகள். சேர்த்தாலும் கதவு மூடியே இருக்கும். இரண்டாம் பக்கத்தில் காவல்; மேடம் பாஷையில் ஃபில்டர். எங்களிடம் உள்ள வீடுகளின் முகவரிகளை மட்டும்தான் வெளியே சொல்ல வேண்டும். ஒரு கம்பெனியிடம் கேட்ட வழிகளை மறு கம்பெனியிடம் சொல்லவே கூடாது என்பதற்கான வரிகள். கதவைத் திறக்கும் வரி அதே பக்கத்தின் கடைசியில். முந்தின நாள் சாயங்காலம் என் நோட்டில் எழுதினேன்: "இரண்டாம் பக்கத்தை மறந்துவிட்டால்?"

திறப்பது வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு என்று பேச்சு. அதனால் காலையிலேயே ஓனர் மேடத்தைப் பீன்யாவில் ஒரு ஃபேக்டரி லைனைச் சரிபார்க்க அனுப்பிவிட்டார். ஒன்பது மணிக்கு ஓனர் பூசாரியோடும் தேங்காய் மூட்டையோடும் வந்து நின்றார். "மத்தியானம் சரியில்லையாம்மா. பத்தரைக்குள்ள தெறந்துடணும். அப்புறம் ராகு காலம்." மேடத்துக்குப் போன் போட்டார். மேடம் ஆட்டோ பிடித்துவிட்டார், ஆனால் யஷ்வந்த்பூரில் வண்டிகள் நகரவில்லை. "சார், நான் வந்தப்புறம் பண்ணிக்கலாங்களே" என்று மேடம் கெஞ்சுவது ஸ்பீக்கரில் கேட்டது. "நீ சொல்லிக்கினே வா, அக்கா டைப் பண்ணும்" என்றார் ஓனர்.

டைப் பண்ணினேன். ஒவ்வொரு வரியையும் அடித்து, எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டி, மேடம் "உம்" என்ற பிறகே என்டர் தட்டினேன். முதல் பக்கம் முடியும்போது மணி பத்து இருபது. "பேகா, பேகா" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தியபடி ஓனர் என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். பூசாரி தேங்காய் உடைத்தார். தண்ணீர் மேசையில் வழிய, ஓனர் கைக்குக் கிடைத்த தாளை எடுத்துத் தேங்காய்த் தட்டுக்கடியில் போட்டார். அது இரண்டாம் பக்கம். நான் பார்த்தேன். "அக்கா, இப்ப ரெண்டாம் பக்கத்த எடுத்துக்கங்க, அதுல மூணாவது வரி ரொம்ப" என்று மேடம் சொல்லும்போதே, ஓசூரிலிருந்து ஓனரின் தம்பி வீடியோவில் கூப்பிட்டார். மேடத்தின் குரல் போய், போனில் தம்பியின் நெற்றி வந்தது.

"பூஜையப் பாருடா" என்று ஓனர் போனை ரூட்டர் பக்கம் திருப்பினார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து இருபத்தாறு. தெறக்கற வரி எதும்மா? அதப் போடு முதல்ல."

நான் ஆபீசரைப் பார்த்தேன், அவராவது வேண்டாம் என்பார் என்று. "ஃபில்டர் எல்லாம் அப்புறம் சேத்துக்கலாம் சார். எங்க சைடு ரெடி" என்றார் அவர். தட்டுக்கு வெளியே இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கும் வரி. மற்றதெல்லாம் தேங்காய்க்கு அடியில். நாக்கு நுனிவரை வந்தது. பெரியவர்கள் நிற்கிற இடத்தில் நான் என்ன பேச என்று விழுங்கிக்கொண்டேன். அந்த வரியை அடித்து என்டர் தட்டினேன். பச்சை விளக்கு வந்தது. கற்பூரம் காட்டினார்கள். ஓனர் என் கையில் ஒரு லட்டு வைத்தார்.

பத்து முப்பத்தைந்துக்கு முதல் போன் வந்தது. பிறகு நிற்கவேயில்லை. எல்லோருக்கும் நெட் நின்று நின்று வருகிறது. ஆபீசரின் போனும் அடித்தது. அவர் மூலைக்குப் போய் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். நான் கிராஃபைப் பார்த்தேன். தினம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான், ஏதாவது ஆகிவிடுமோ என்று. எங்கள் வீடுகள் வாங்குகிற வீடுகள். படம் பார்ப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள்; வெளியே அனுப்புவது கொஞ்சம்தான். ஆகவே பழைய லைனில் வாங்குகிற கோடு மலைபோல ஏறி இறங்கும், அனுப்புகிற கோடு தரையோடு கிடக்கும். அன்று அனுப்புகிற கோடு எழுந்து கூரையில் முட்டிக்கொண்டு நின்றது.

அது எங்கள் வீட்டுச் சரக்கே இல்லை. பெரிய ரோடு அடைத்துக்கொண்டால் சில நாள் போன் மேப் எல்லா வண்டிகளையும் எங்கள் தெருவுக்குள் அனுப்பிவிடும். லாரி, வேன் எல்லாம் வந்து, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தெருவைத் தாண்ட முடியாமல் நிற்கும். அப்படித்தான் இருந்தது. யார் யாருடைய போக்குவரத்தோ எங்கள் சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

என் போனில் மேடத்தைக் கூப்பிட்டேன். "மேடம், அனுப்பற கோடு மேல நிக்குது."

ஹாரன் சத்தத்துக்கு நடுவே, "எந்த லைன்லீங்க்கா?"

"பழைய லைன்ல."

"ரெண்டாம் பக்கம் போட்டீங்களா?"

"தட்டுக்கடியில இருக்கு மேடம்."

"அய்யோ, மூடுங்க்கா. புதுசை மூடுங்க. அது ஒரே வரிதா" என்றதோடு போன் அணைந்தது. சார்ஜ்.

நடந்தது என்னவென்று பிறகு மேடம் விளக்கினார். பழைய கம்பெனி எங்களுக்குச் சொன்ன உலகத்து வழிகள் அத்தனையையும், காவல் இல்லாததால், எங்கள் ரூட்டர் அப்படியே புதுக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டது: உலகம் முழுவதற்கும் என் வழியாகப் போகலாம் என்று. நாங்கள் அவர்களுக்குப் பணம் கட்டுகிற வாடிக்கையாளர். பணம் கட்டுகிறவன் சொல்லும் வழியை முதலில் எடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம், ஏனென்றால் அதில் வரவு உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் வீட்டுக்கான குழாயில் ஒரு பெரிய கம்பெனியின் சரக்கு இறங்கிவிட்டது. சிவாஜிநகர்ப் பெரிய மனுஷனின் கை எங்கள் ரூட்டருக்கு முளைத்திருந்தது.

நான் கீபோர்டைத் தொட்டதும் ஓனர் குறுக்கே வந்தார். "கை வெக்காதே! ராகு காலம் ஆரம்பிச்சுடுச்சு. பூஜை போட்டுத் தெறந்தத கால் மணி நேரத்துல மூடுவியா? பன்னெண்டுக்கு மேல பாத்துக்கலாம்."

எனக்கும் ராகு காலம் உண்டு. அந்த நேரத்தில் புது ஜாக்கெட்கூட போடமாட்டேன். கையை எடுத்துவிட்டேன். லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த பூசாரி வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னா சார் நீங்க? ராகு காலத்துல ஒண்ண ஆரம்பிக்கத்தான் கூடாது. நிறுத்தறதுக்கு இன்னா? தாராளமா நிறுத்தலாம்" என்றார்.

ஓனர் அவரை முறைத்த இடைவெளியில், முதல் பக்கத்தில் ஏற்கெனவே அடித்திருந்த, கதவை மூடிவைக்கும் வரியை நான் மறுபடி அடித்தேன். படித்துக் காட்ட ஆளில்லை. மேடத்தின் "உம்" கேட்காமல், ஓனர் பேச்சையும் மீறி நான் தட்டிய முதல் என்டர் அதுதான். கோடு மெல்ல இறங்கித் தரையில் படுத்தது. கையை எடுக்கும்போது எலுமிச்சம்பழத்தைத் தட்டிவிட்டேன்.

பதினொன்றே கால் மணிக்கு மேடம் வந்தார். வாசலில் ஆட்டோக்காரர் பணம் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அணைந்த போனிலிருந்து எப்படிப் பணம் அனுப்புவது. நான் ஓடிப்போய் முன்னூற்று இருபது ரூபாய் கொடுத்து மேடத்தை உள்ளே கூட்டி வந்தேன். உள்ளே ஆபீசர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "மேலிடத்துக்கு ரிப்போர்ட் போகணும். தப்பு பண்ணது யாருன்னு பேர் எழுதணும். இல்லைன்னா இந்த லைனைத் திரும்பத் திறக்க விடமாட்டாங்க" என்றார்.

"மேடம் பேரை எழுதிக்குங்க" என்றார் ஓனர். "முக்கியமான நேரத்துல ஆள் இல்ல. ராஜினாமா வேணும்னாலும் இன்னிக்கே வாங்கித் தரேன்."

மேடம் தட்டுக்கடியில் ஈரத்தில் ஒட்டிக் கிடந்த தாளை மெல்ல உரித்து எடுத்துக்கொண்டிருந்தார். "நான் இருந்திருக்கணுங்க சார்" என்று மட்டும் சொன்னார். ஊரில் அப்பாவுக்கு வாங்கிய கடனை அவர் சம்பளத்தில்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் பேர் போனால் இந்தத் தொழிலில் வேறு யாரும் சேர்க்கமாட்டார்கள் என்பதும் தெரியும். பரீட்சை கேட்டில் வந்த அதே குமட்டல் எனக்கு வந்தது. அன்றைக்கு அந்தக் குமட்டலோடு திரும்பி நடந்தேன். இந்த முறை பையைத் திறந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"டைப் பண்ணது நான் சார். ரெண்டாம் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியும். நேத்தே எழுதி வெச்சிருக்கேன், பாருங்க. பயத்துல வாயத் தெறக்கல. மேடத்த பீன்யா அனுப்புனது நீங்க, நேரத்த மாத்துனதும் நீங்க. அவங்க வந்தப்புறம் பண்ணலாம்னுதான் சொன்னாங்க. பேர் எழுதணும்னா என் பேர எழுதுங்க." இவ்வளவு நீளமாக ஓனரிடம் நான் அதற்கு முன் பேசியதில்லை. பேச ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியாமல் ஆபீசர் பக்கம் திரும்பினேன். நிஜமாகவே எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததால் கேட்டேன்: "சார், நாங்க மர்பி டவுன்ல ஆயிரம் வீட்டுக்கு லைன் குடுக்கறவங்க. உலகத்துக்கே வழி தெரியும்னு எங்க பொட்டி சொன்னா, நீங்க எப்படி சார் அத அப்படியே நம்புனீங்க?"

ஆபீசர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அவர்கள் பக்கத்தில் ஒரு காவல் இருந்திருந்தால் எங்கள் உளறல் வாசலிலேயே நின்றிருக்கும். எங்கள் பழைய கம்பெனியில் அந்தக் காவல் இருந்தது. புதுக் கம்பெனியிடம் கேட்டதையெல்லாம் எங்கள் ரூட்டர் அந்தப் பக்கமும் உளறியிருக்கிறது, அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆபீசர் ரொம்ப நேரம் டைப் செய்து, கடைசியில் திரையைத் திருப்பிக் காட்டினார். இரு பக்கமும் ஃபில்டர் போடாமல் திறக்கப்பட்டது என்று இருந்தது. பேர் எதுவும் இல்லை.

ஓனர் நாற்காலியில் உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் ஒரு லட்டைப் பிட்டார். "எட்டாங்கிளாஸ்னு சொல்லித்தானம்மா சேந்த? வக்கீல் கணக்கா கேக்கற" என்றார். ராஜினாமாப் பேச்சு அதோடு போயிற்று.

பன்னிரண்டு அடித்த பிறகு, காய்ந்த இரண்டாம் பக்கத்தை முன்னால் வைத்து, வரி வரியாகப் போட்டுவிட்டுத் திறந்தோம். கோடுகள் ஒழுங்காகப் படுத்திருந்தன. அதற்குப் பிறகுதான் மேடம் என் நோட்டைக் கையில் எடுத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். பென்சிலை வைத்துக்கொண்டு படித்தார். பக்கத்துக்காரர் திடீரென்று நிறைய வழி சொன்னால் என்ற இடத்தில், "இதுக்கு ஒரு வரி இருக்குதுங்க்கா. இத்தனைக்கு மேல சொன்னா கதவை மூடுன்னு" என்று ஒரு டிக். எங்கள் முகவரிகளை வேறு யாராவது தங்களுடையவை என்றால் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். "இதுக்குப் பத்திரம் மாதிரி ஒண்ணு பதிஞ்சு வெக்கலாங்க்கா. இந்த முகவரி இந்த எண்ணுக்குத்தான் சொந்தம்னு. எல்லாரும் இன்னும் அதைப் பாக்கறதில்ல. ஆனா பாக்கறவங்க வருஷா வருஷம் ஜாஸ்தியாயிட்டுத்தான் இருக்காங்க. நாம பதிஞ்சுரலாம்." அதற்கும் டிக். என் கவலைகளுக்கு மருந்து உண்டு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேஸ் மூடினேனா என்ற வரிக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார். "இதுக்கு மட்டும் என்கிட்ட கமாண்ட் இல்லீங்க்கா."

மேடம் எங்களோடு இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். அவர் போன பிறகு வேறு ஆள் தேடும்வரை நான் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓனர் சொன்னார். ஆள் தேடியதாக எனக்கு நினைவில்லை. இன்று எங்கள் பக்கத்து நெட்வொர்க்குகள் எல்லாவற்றையும் நான்தான் கவனிக்கிறேன். புது ஆட்கள் தைரியமாக ஏதாவது சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கம் வந்தால் போன் போட்டு, இரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்டுவிடுவேன். பயம் போகவில்லை. அதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் பக்கத்து உறவு இரண்டு விதம். ஒன்று, காசு கொடுத்து வழி வாங்குவது. இன்னொன்று, கிட்டத்தட்ட சமமாக இருக்கிற இரண்டு பேர், உன் வீடுகளுக்கு நான் நேரே வருகிறேன், என் வீடுகளுக்கு நீ நேரே வா, யாரும் யாருக்கும் காசு தர வேண்டாம் என்று வைத்துக்கொள்வது. மேடம் இப்போது ஈரோட்டில் இரண்டு பேரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு சின்ன நெட்வொர்க் நடத்துகிறார். பல கம்பெனிகள் ரூட்டர் வைக்கிற, எங்கள் பெட்டி ஒன்றும் இருக்கிற அதே பெங்களூர்க் கட்டடத்தில் அவர்கள் பெட்டியும் வந்திருக்கிறது. போன வாரம் அந்த இரண்டாவது வித உறவுக்காகத் தாள்களோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

இந்தத் தடவை அறையில் இரண்டே பேர்தான். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் இரண்டாம் பக்கத்தை மேடம் கிட்டே போய்ப் பார்த்தார். தேங்காய்த் தண்ணீர்க் கறை பழுப்பேறியிருக்கிறது, ஓரத்தில் ஓனரின் குங்கும விரல். "மூணாவது வரி மட்டும் அழிஞ்சே போச்சுங்க்கா" என்றார். எனக்கு அது மனப்பாடம் என்றேன். பிறகு அவர் தன் மடிக்கணினியில் கதவைத் திறக்கப் போனார். "மேடம், உங்க ரெண்டாம் பக்கத்தக் காட்டுங்க" என்றேன். என்னிடமா என்பதுபோலப் பார்த்தவர், சிரித்துக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "உம்" என்றேன். மேடம் என்டர் தட்டினார். ஈரோடும் மர்பி டவுனும் நடுவில் யாருமில்லாமல் பேசிக்கொள்ள ஆரம்பித்தன.

ஒப்பந்தத் தாளில் எங்கள் பக்கத்துக் கையெழுத்து என்னுடையது. ஒரு தரப்பு மறுதரப்புக்குத் தர வேண்டிய தொகை என்று ஒரு கட்டம். அதில் "ஒன்றுமில்லை" என்று எழுதினேன். மேடம் எட்டிப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். பக்கத்திலேயே, அதே அழகான கையெழுத்தில் எழுதினார்: ஆட்டோ பாக்கி நீங்கலாக, ரூபாய் முன்னூற்று இருபது.